சைபர் செக்யூரிட்டி முதுநிலைப் படிப்பு: பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம்

வாசகர் கேள்வி – பதில்

சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக்., எம்.எஸ்சி. சேர்வது பற்றிக் கேட்டவர்களில் பலருடைய சந்தேகம் ஒன்றுபோலவே இருந்தது. அவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் இங்கே தருகிறோம்.

கேள்வி: மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். ஒரு கல்லூரியில் எம்.டெக். சைபர் செக்யூரிட்டி கிடைக்கிறது. இன்னொன்றில் வெறும் எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். பட்டத்திலேயே பெயர் இருந்தால்தானே வேலைக்கு மதிப்பு? – ஒரு தந்தை, சேலம்

பெயரை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் இணையதளத்திலிருந்து இறக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் செமஸ்டரில் மறையாக்கம் (கிரிப்டோகிராஃபி), ஆபரேட்டிங் சிஸ்டம் பாதுகாப்பு, நெட்வொர்க் பாதுகாப்பு, பாதுகாப்பான நிரல் எழுதுதல் ஆகிய நான்கும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறதா? அடுத்த செமஸ்டரில் தீநிரல் (மால்வேர்) பகுப்பாய்வு, டிஜிட்டல் தடயவியல், வலைச் செயலிப் பாதுகாப்பு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்கிறதா? இருந்தால் நல்ல திட்டம். அதற்குப் பதிலாக ஆறு தாள்களும் ஏதாவதொரு மென்பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால், மூன்று மாதப் பயிற்சி மையத்தில் கிடைப்பதை இரண்டு வருடமாக இழுக்கிறார்கள் என்று பொருள். கருவி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். அடுக்கு நினைவகம் (ஸ்டாக்) எப்படி நிரம்பி வழிகிறது என்பது மாறாது.

ஒவ்வொரு தாளுக்கும் எதிரே மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். 3-0-2 என்றால் வாரம் 3 மணி வகுப்பு, டியூட்டோரியல் இல்லை, 2 மணி லேப். மறையாக்கத்துக்கு 3-0-0 போட்டிருந்தால் பரவாயில்லை. நெட்வொர்க் பாதுகாப்புக்கும் தடயவியலுக்கும் கடைசி எண் 0 என்றால் யோசிக்க வேண்டும். லேப் இல்லாத தடயவியல், தண்ணீரில் இறங்காத நீச்சல் வகுப்பு.

ஆசிரியர்களின் பெயரை டி.பி.எல்.பி. என்ற கணினி அறிவியல் கட்டுரைப் பட்டியலில் தேடிப்பாருங்கள். யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, ஏ.சி.எம். சி.சி.எஸ்., என்.டி.எஸ்.எஸ். போன்ற மாநாடுகளில் ஒரு கட்டுரை இருந்தாலே பெரிய விஷயம். அப்படி இல்லாவிட்டாலும், துறையில் பாதுகாப்பைத் தன் வேலையாகவே வைத்திருப்பவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவரே ஐந்து தாளும் எடுக்கும் துறைகளும் உண்டு.

எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸில் நல்ல பாதுகாப்புத் தாள்களை விருப்பப் பாடமாக எடுத்து, ப்ராஜெக்டையும் அதிலேயே செய்தவர் எந்த நேர்முகத் தேர்விலும் பின்தங்குவதில்லை. கோயம்புத்தூர் அமிர்தா போல இந்தப் பெயரிலேயே நெடுநாளாக எம்.டெக். நடத்தும் இடங்களில் பெயரும் உள்ளடக்கமும் சேர்ந்தே வரும். நேற்று ஆரம்பித்த துறை என்றால், முதல் பேட்ச் மாணவர்கள் என்ன ப்ராஜெக்ட் செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

கேள்வி: பி.சி.ஏ. இறுதியாண்டு படிக்கிறேன். எம்.டெக். சைபர் செக்யூரிட்டி நேரடியாகச் சேர முடியுமா? – ஒரு மாணவி, திண்டுக்கல்

பெரும்பாலான இடங்களில் முடியாது. எம்.டெக். சேர நான்காண்டு பி.இ., பி.டெக். அல்லது எம்.சி.ஏ., எம்.எஸ்சி. கேட்பார்கள். பி.சி.ஏ. மாணவர்கள் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாம், அதைத் தடுப்பதில்லை. ஆனால் எழுதித் தேறிய பிறகும் எம்.டெக். சேர்க்கை விதி குறுக்கே நிற்கும். பலர் கேட் எழுதிவிட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

உங்களுக்கு வழி எம்.எஸ்சி. காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டியும், எம்.எஸ்சி. டிஜிட்டல் தடயவியலும் நடத்துகிறது. தனி நுழைவுத் தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு சேர்ந்த எம்.எஸ்சி. உண்டு. தடயவியல் பக்கம் போவது காவல்துறை, தடய ஆய்வகம், வங்கி மோசடி விசாரணை போன்ற வேலைகளுக்குப் பொருந்தும். ஊடுருவல் சோதனை, மென்பொருள் பாதுகாப்பு என்றால் எம்.சி.ஏ. படித்து, பிறகு எம்.டெக். என்பதும் ஒரு வழிதான். இரண்டு வருடம் கூடுதலாகும்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று பாருங்கள்: உங்கள் பி.சி.ஏ.வில் தனித்த கணிதம் (டிஸ்க்ரீட் மேத்ஸ்) ஒரு தாளாவது இருந்ததா? சில இடங்களில் 12-ஆம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பெண் பட்டியலில் அது வேறு பெயரில் அச்சாகியிருந்தால், பாடத்திட்ட நகலில் துறைத்தலைவர் கையொப்பம் வாங்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை விட்டு வந்தபின் அந்தக் கையொப்பத்துக்கு அலைவது தனி வேலை.

கேள்வி: கேட் தேர்வில் சைபர் செக்யூரிட்டி தாள் உண்டா? உதவித்தொகை எவ்வளவு? – கடலூர்

தனித் தாள் கிடையாது. சி.எஸ். தாள்தான் எழுத வேண்டும். 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 15 மதிப்பெண் பொதுத் திறன். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு மட்டும் கழிவு உண்டு: 1 மதிப்பெண் கேள்வியில் மூன்றில் ஒரு பங்கு, 2 மதிப்பெண் கேள்வியில் மூன்றில் இரண்டு பங்கு. எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்விக்கும் கழிவு இல்லை. அவற்றை வெறுமையாக விடாதீர்கள். ஸ்கோர் 3 வருடம் செல்லும். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. வழியாகக் கலந்தாய்வு. ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விண்ணப்பித்து, இடம் ஏற்பதை மட்டும் சி.ஓ.ஏ.பி. தளத்தில் செய்ய வேண்டும். அந்தத் தளத்தில் பதிவு செய்தாலே விண்ணப்பித்தாகிவிட்டது என்று நினைத்து இருந்துவிடுகிறவர்கள் உண்டு. கேட் இல்லாதவர்களுக்கு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சேர அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா பி.ஜி. தேர்வு இருக்கிறது.

ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரமுள்ள கல்லூரியில், செல்லுபடியாகும் கேட் ஸ்கோரோடு முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம் வரை. வங்கிக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக, உங்கள் பெயரில் மட்டும், ஆதார் இணைத்ததாக இருக்கட்டும். ஜன்தன் கணக்கையோ அப்பாவோடு சேர்ந்த கணக்கையோ கொடுத்தால் பணம் நின்றுவிடும். சீட்டா ஸ்கோரில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது.

கேள்வி: மறையாக்கம் என்றாலே பயமாக இருக்கிறது. கணிதம் இல்லாமல் இந்தப் படிப்பை ஓட்ட முடியாதா? – திருநெல்வேலி

கணிதமே இல்லாமல் ஓட்ட முடியாது. ஆனால் பயப்படும் அளவுக்கு அது பெரிய கணிதமில்லை. ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறையை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

3, 11 என்று இரண்டு பகா எண்கள். பெருக்கினால் 33, இது எல்லோருக்கும் தெரிந்த எண். இரண்டிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் 2 × 10 = 20; இது ரகசியம். 20-உடன் பொதுக் காரணி இல்லாத 3-ஐப் பூட்டும் எண்ணாக வைப்போம். எந்த எண்ணை 3-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7. (3 × 7 = 21.) அதுதான் திறக்கும் எண்.

அனுப்ப வேண்டிய செய்தி 4 என்று வையுங்கள். 4 × 4 × 4 = 64. 33-ஆல் வகுத்தால் மீதி 31. வழியில் போவது 31. வாங்கியவர் 31-இன் 7-ஆம் அடுக்கைக் கண்டுபிடித்து 33-ஆல் வகுத்து மீதி எடுக்க வேண்டும். பெரிய பெருக்கல் வேண்டாம்: 31 என்பது 33-க்கு 2 குறைவு, அதை −2 என்று வைத்துக்கொள்ளலாம். −2-இன் 7-ஆம் அடுக்கு −128. அதோடு 33-இன் மடங்கான 132-ஐக் கூட்டினால் 4. செய்தி திரும்பக் கிடைத்துவிட்டது.

இதுவரை இளநிலைப் பாடம். முதுநிலைப் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. அதே பூட்டில் 4-க்குப் பதில் 3-ஐ அனுப்புங்கள். 3 × 3 × 3 = 27. 33-ஐவிடச் சிறியது, வகுக்கவே வேண்டியதில்லை, 27 அப்படியே போகிறது. நடுவில் பிடித்தவனுக்கு ரகசிய எண் எதற்கு? கனமூலம் எடுத்தால் 3 கிடைத்துவிடும். நிஜத்திலும் இதே கதைதான்: 2048 பிட் பூட்டில், பூட்டும் எண்ணாக 3-ஐ வைத்து, 128 பிட் சாவி ஒன்றை அப்படியே அனுப்பினால் அதன் கனம் 384 பிட்டுக்குள் அடங்கிவிடும். பூட்டின் நீளம் எந்த உதவியும் செய்யாது. அதனால்தான் செய்தியோடு தற்செயல் பிட்டுகளைக் கலந்து நிரப்பிய பிறகே பூட்டுகிறார்கள், ஓ.ஏ.இ.பி. என்று பாடப் புத்தகத்தில் வரும் நிரப்பு முறை இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

வகுத்து மீதி காண்பது, மீ.பொ.வ., நிகழ்தகவு, இரும எண். இந்த நான்கும் கைவந்தால் முதல் செமஸ்டர் தாண்டிவிடும். நிகழ்தகவைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அது கீழே ப்ராஜெக்ட் கேள்வியில் வந்து கடிக்கும்.

கேள்வி: எந்த மாதிரி லேப்டாப் வாங்கலாம்? வீட்டிலேயே லேப் அமைப்பது எப்படி? – மதுரை, தஞ்சாவூர், ஓசூரிலிருந்து மூவர்

ரேம் 16 ஜி.பி., எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி., இன்டெல் அல்லது ஏ.எம்.டி. செயலி. இவை போதும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு கடவுச்சொல் உடைக்கும் பயிற்சிக்கு மட்டும் உதவும். அதற்காக 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆப்பிளின் எம் வரிசைச் செயலி நல்லதுதான். ஆனால் பயிற்சிக்குக் கிடைக்கும் பழைய மெய்நிகர் கணினிகள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இன்டெல் வகைக்காகச் செய்யப்பட்டவை. அதில் ஓடாது, அல்லது நத்தை வேகத்தில் ஓடும். கையில் 8 ஜி.பி. லேப்டாப் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸுக்கு 2 ஜி.பி., தாக்கிப் பழகும் இலக்குக் கணினிக்கு 512 எம்.பி. கொடுத்தால் நகரும்.

முதலில் பயாஸுக்குள் போய் மெய்நிகராக்க வசதியை இயக்குங்கள்: இன்டெலில் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். என்ற பெயரில் இருக்கும். பிறகு வர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, காளி லினக்ஸின் தயார் பிம்பத்தை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இறக்கியதும் தளத்தில் போட்டிருக்கும் ஷா-256 மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்றது) உங்கள் கோப்பின் மதிப்பை ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிடுங்கள். பாதுகாப்புப் படிக்க வந்து, யாரோ டெலிகிராமில் போட்ட காளியை நிறுவுவது வேடிக்கை.

இலக்காக மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 எடுத்துக்கொள்ளலாம். இது உபுண்டு 8.04 மேல் வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த கணினி. நிறுவல் கோப்பாக வராது, வட்டுக் கோப்பாக வரும். புது மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, புது வட்டு வேண்டாம், இருக்கும் வட்டையே பயன்படுத்து என்று அதைக் காட்ட வேண்டும்.

இனி நெட்வொர்க். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். காளிக்கு இரண்டு அடாப்டர்: ஒன்று நாட் (இணையத்துக்கு), இன்னொன்று ஹோஸ்ட்-ஒன்லி (உங்கள் கணினிக்குள் மட்டும்). இலக்குக்கு ஒரே அடாப்டர், ஹோஸ்ட்-ஒன்லி மட்டும். இலக்கை பிரிட்ஜ்டு நிலையில் வைத்தால் உங்கள் வீட்டு வைஃபையில் அது தனிக் கணினியாக வந்து உட்காரும். விடுதி வைஃபை என்றால் பக்கத்து அறைக்காரர் எவரும் அதற்குள் நுழையலாம், அங்கிருந்து உங்களிடமும் வரலாம். அமைத்து முடித்ததும் இரண்டுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் சேமிப்பு) எடுத்துவிடுங்கள்.

சரியாக அமைந்தால் இரண்டுக்கும் 192.168.56 என்று தொடங்கும் முகவரி வரும். காளியின் இரண்டாவது அடாப்டருக்கு முகவரியே வரவில்லை என்றால், வர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வர் அணைந்திருக்கும். எல்லாம் ஓடுகிறது ஆனால் தவழ்கிறது, ஜன்னலின் கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை ஆமை தெரிகிறது என்றால், விண்டோஸின் ஹைப்பர்-வி மெய்நிகராக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஹைப்பர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் விண்டோஸ் வசதிகள் பட்டியலில் அணைத்து, மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஆமை போகாவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி காரணமாக இருக்கலாம். அது விண்டோஸுக்கு ஒரு பாதுகாப்பு அரண். லேப் முடிந்ததும் திரும்பப் போடுங்கள்.

முதல் பயிற்சியாக இலக்கின் 21-ஆம் துறையைப் (போர்ட்) பாருங்கள். அங்கே வி.எஸ்.எஃப்.டி.பி.டி. 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். 2011-இல் அந்த மென்பொருளின் பதிவிறக்கக் கோப்பையே யாரோ மாற்றிவைத்துவிட்டார்கள்: பயனர் பெயரின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளியும் ஒரு மூடும் அடைப்புக்குறியும், அதாவது ஒரு சிரிப்பு முகம், போட்டால் 6200-ஆம் துறையில் முழு அதிகாரத்தோடு ஒரு கதவு திறக்கும். கருவி எதையும் தொடாமல், டெல்நெட்டில் கையால் தட்டி இதைச் செய்து பாருங்கள். கடவுச்சொல் எதுவாக இருந்தாலும் சரி; அதைச் சரிபார்க்கும் இடத்துக்கு நிரல் போவதே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே போனவருக்கு, மூலநிரல் வழங்கும் பாதையே நஞ்சானால் என்ன ஆகும் என்ற இந்தப் பாடம் கிடைக்காது.

கேள்வி: எங்கள் ஊர்க் கடை ஒன்றின் வலைத்தளத்தில் ஓட்டை இருப்பதுபோல் தெரிகிறது. நல்ல எண்ணத்தில் சோதித்துச் சொல்லலாமா? – எம்.எஸ்சி. மாணவர், ஈரோடு

வேண்டாம் தம்பி. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதையே இழப்பீட்டுக்குரிய தவறாக வைக்கிறது. இழப்பீடு கேட்க உங்கள் எண்ணம் கெட்டது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தது என்று ஆனால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு பாதுகாக்கப்பட்ட அமைப்பாக அறிவித்தவற்றைத் தொட்டால் 70-ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை.

தளத்தைச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போதே கண்ணில் பட்டதை மட்டும் எழுதி, கடைக்காரருக்கு அனுப்புங்கள். அடுத்தவர் விவரங்களை இறக்கிச் சான்றாக வைக்காதீர்கள். அந்தச் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கும். பதில் வராவிட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கலாம். ஓட்டைகளைப் பற்றிய தகவலைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. சோதிக்கக் கை துறுதுறுத்தால், வெளிப்படையாக அனுமதி கொடுத்து வரம்பும் எழுதிவைத்திருக்கும் பக் பவுன்டி (ஓட்டை கண்டுபிடித்தால் பரிசு) திட்டங்கள் உண்டு. வரம்பில் இல்லாத துணைத்தளம் ஒன்றைத் தொட்டாலும் அனுமதி அங்கே முடிந்தது.

கேள்வி: எம்.டெக். இறுதி ப்ராஜெக்டில் இயந்திரக் கற்றல் வைத்து ஊடுருவல் கண்டறியும் அமைப்பு செய்தேன். 99.2 சதவீதம் துல்லியம் வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் மதிக்கவே இல்லை. என்ன குறை? – திருச்சி

எந்தத் தரவுத் தொகுப்பு என்று நீங்கள் எழுதவில்லை, கே.டி.டி. கப் 99 என்று ஊகிக்கிறோம். அது 1998-இல் அமெரிக்க விமானப்படை நெட்வொர்க்கைப் போலச் செயற்கையாக நடத்திய போக்குவரத்திலிருந்து எடுத்தது. அன்றைய தாக்குதல்கள் பல இன்று இல்லை. அதைவிடப் பெரிய குறை, அதே பதிவு திரும்பத் திரும்ப வரும்: பயிற்சிப் பகுதியில் சுமார் 78 சதவீதமும், சோதனைப் பகுதியில் சுமார் 75 சதவீதமும் நகல்கள். கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதும் தேர்வுக்கு 99 வருவதில் என்ன ஆச்சரியம்? 2009-இல் நகல்களை நீக்கி என்.எஸ்.எல்.-கே.டி.டி. வந்தது. ஆனாலும் தரவு அதே பழைய தரவு. சி.ஐ.சி.ஐ.டி.எஸ். 2017 புதியது, அதிலும் பெயர்ச்சீட்டுப் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. எதை எடுத்தாலும் அதன் குறையை நீங்களே அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

துல்லியம் என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தில் நாளுக்கு 10 லட்சம் நிகழ்வுகள். அதில் 20 மட்டும் உண்மைத் தாக்குதல் என்று வைப்போம். உங்கள் அமைப்பு தாக்குதலில் 99 சதவீதத்தைப் பிடிக்கும். நல்லதைத் தப்பாகச் சொல்வது 1 சதவீதம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10 லட்சத்தில் 1 சதவீதம் 10,000. ஆக, அன்று அடிக்கும் சுமார் 10,020 எச்சரிக்கை மணிகளில் 20 மட்டுமே உண்மை. ஆயிரத்தில் இரண்டு. இரண்டாம் நாளே அந்த மணியை யாராவது நிறுத்திவிடுவார்கள்.

திருத்துவது எப்படி? தரவைக் குலுக்கிப் பிரிக்காமல் நாள்வாரியாகப் பிரியுங்கள்: திங்கள் முதல் புதன் வரை பயிற்சி, வியாழன், வெள்ளி சோதனை. குலுக்கினால் ஒரே தாக்குதலின் பாதித் துண்டுகள் இந்தப் பக்கமும் மீதி அந்தப் பக்கமும் விழும். ஐ.பி. முகவரியைக் கூறுகளிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் மாடல் தாக்குதலைப் படிக்காது, தாக்கியவரின் முகவரியை மனப்பாடம் செய்யும். துல்லியத்துக்குப் பதில், நாளுக்கு எத்தனை பொய் மணி என்று அட்டவணை போடுங்கள். இவ்வளவும் செய்தபின் 99 என்பது 71 ஆகலாம். அந்த 71-ஐ ஏன் என்று விளக்கத் தெரிந்தவருக்குத்தான் வாய்மொழித் தேர்வில் மதிப்பு.

கேள்வி: ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 34. வேலையை விடாமல் படிக்க வழி? ஓ.எஸ்.சி.பி., சி.ஐ.எஸ்.எஸ்.பி. போதுமா? – சென்னை

ஐ.ஐ.டி. கான்பூர் கேட் இல்லாமலே சைபர் செக்யூரிட்டியில் இ-மாஸ்டர்ஸ் நடத்துகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2019-இல் தொடங்கிய ஆன்லைன் முதுநிலைப் படிப்பு, 10,000 டாலருக்குள் முடிக்கலாம் என்ற அறிவிப்போடு வந்தது. இன்றைய கட்டணத்தைத் தளத்தில் பாருங்கள். வேலையிலிருந்து ஆறு மாதம் விடுப்பு எடுக்க முடியும் என்றால் சி-டாக்கின் பி.ஜி. டிப்ளமோவும் உண்டு, அதற்கென உள்ள சி-கேட் (C-CAT) தேர்வு எழுத வேண்டும். அது டிப்ளமோ, பட்டமல்ல.

சான்றிதழ்களைப் பட்டத்தோடு ஒப்பிட வேண்டாம். ஊடுருவல் சோதனைக்கான ஓ.எஸ்.சி.பி. தேர்வில் 23 மணி 45 நிமிடம் கணினிகளை உடைத்து, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். 100-க்கு 70 வேண்டும். படம் பிடிக்க மறந்து, உடைத்ததை நிரூபிக்க முடியாமல் தோற்பவர்கள் உண்டு. பாதுகாப்பு நிர்வாகப் பக்கம் உள்ள சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு எட்டுத் துறைகளில் இரண்டிலாவது 5 ஆண்டு அனுபவம் தேவை. பொருத்தமான பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும். உங்களுக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே இருந்தால் முதலில் சி.ஐ.எஸ்.எஸ்.பி.யை எழுதுங்கள். பட்டம் பிறகு.

கேள்வி: வெளிநாடு என்றால் பிரிட்டனா, ஜெர்மனியா? – கோயம்புத்தூர்

பிரிட்டனில் எம்.எஸ்சி. ஒரே வருடம், 180 கிரெடிட். அதில் பெரும்பாலும் 60 ஆய்வறிக்கைக்கு. மூன்றாண்டுப் பட்டத்தையும் ஏற்பார்கள். கட்டணம் கனம். அந்நாட்டின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், என்.சி.எஸ்.சி., சில பட்டங்களுக்குச் சான்றளித்திருக்கிறது. முழுச் சான்றா, தற்காலிகச் சான்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே 1992-லேயே தகவல் பாதுகாப்பில் எம்.எஸ்சி. தொடங்கிய இடம்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுன்டில் காட்ட வேண்டும். மாதம் 992 ஆக எடுக்கலாம். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், அதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் கல்லூரிக்கு முன் அதற்கு விண்ணப்பியுங்கள். சார்லாண்டு, போஹும் (Bochum) பல்கலைக்கழகங்கள் இரண்டும் பாதுகாப்பு ஆய்வுக்குப் பெயர் பெற்றவை. அங்கே உங்கள் சதவீதத்தைவிட, கணிதத்திலும் கோட்பாட்டுக் கணினியியலிலும் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்பதைத் தாள் தாளாக எண்ணுவார்கள். 85 சதவீதக்காரர் நிராகரிக்கப்பட்டு 72 சேர்வது இதனால்தான்.

கேள்வி: இலங்கையிலேயே படிக்க விரும்புகிறேன். பின்னாளில் கலாநிதிப் பட்டம் (பிஎச்.டி.) செய்யும் எண்ணமும் உண்டு. – யாழ்ப்பாணம்

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி பாதுகாப்புத் துறையில் முதுமாணி (முதுநிலைப் பட்டம்) நடத்துகிறது. இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லிட்டிலும் (SLIIT) சைபர் பாதுகாப்புப் பிரிவு உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் மட்டம். 30 கிரெடிட்டோடு பாடநெறி மட்டும் முடித்தால் மட்டம் 9. 60 கிரெடிட், அதில் ஆய்வும் சேர்ந்தால் மட்டம் 10. கலாநிதிக்குப் போகிறவர் ஆய்வுள்ள பத்தாம் மட்டத்தையே எடுப்பது நல்லது. ஈரோடு மாணவருக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். அங்கே 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம்.

கேள்வி: சேர்ந்துவிட்டேன். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. எதைப் படிக்கலாம்? – நாகர்கோவில்

படிப்பதைவிட இரண்டு காரியங்களைச் செய்து பாருங்கள்.

சி மொழியில் 64 எழுத்து இடமுள்ள ஒரு பெட்டியில் 200 எழுத்தைத் திணிக்கும் சின்ன நிரல் எழுதுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸில் ஓட்டினால் அடுக்கு நினைவகம் சிதைந்தது என்று சொல்லி நிரல் நின்றுவிடும். பழைய பாடக்காணொளிகளில் இந்த இடத்தில் கட்டுப்பாடு கைக்கு வந்துவிடும், உங்களுக்கு வராது. அங்குள்ள ஜி.சி.சி. கம்பைலர் தானாகவே ஒரு காவல் மதிப்பை நடுவில் வைப்பதும், லினக்ஸ் ஒவ்வொரு முறையும் முகவரிகளை இடம் மாற்றுவதும் காரணம். மெய்நிகர் கணினிக்குள் மட்டும் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்து, ஒவ்வொன்றும் எதைத் தடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நெட்வொர்க் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க். உங்கள் கணினியிலிருந்து ஏதாவதொரு எச்.டி.டி.பி.எஸ். தளத்தைத் திறந்து போக்குவரத்தைப் பிடியுங்கள். பெயர் கேட்கும் டி.என்.எஸ். பொட்டலம் தெரியவில்லை என்றால், பிரவுசர் அதையும் எச்.டி.டி.பி.எஸ்.க்குள் மறைத்து அனுப்புகிறது. அமைப்பில் போய் அணைத்துவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். பிறகு டி.எல்.எஸ். கைகுலுக்கலின் முதல் பொட்டலமான கிளையன்ட் ஹலோவைத் திறந்து, சர்வர் நேம் என்ற வரிக்குப் போங்கள். எல்லாம் பூட்டித்தான் போகிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலான தளங்களுக்கு அந்த வரியில் பூட்டாமல் அப்படியே இருக்கும். கோப்பைச் சேமித்து வையுங்கள், முதல் மாத லேபில் கையோடு கொண்டுபோகலாம்.